போறணைக்கு எந்தக் கிழங்கு? கோப்பாய்ச் செம்மண்ணில் இரண்டு போகம்

அக்காவின் மகன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். மூன்று வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து எங்களுடன் மூன்று கிழமை நின்றான். ஒருநாள், "இண்டைக்கு நான் சமைக்கிறன் மாமா" என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய உருளைக்கிழங்காக ஆறு பொறுக்கி வந்தான். கழுவித் துடைத்து, முள்ளுக்கரண்டியால் நாலு இடத்தில் குத்தி, உப்புத் தடவி, அவணில் 200 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தான். தோலோடு சுட்டு, நடுவில் பிளந்து, பட்டர் போட்டுச் சாப்பிடுவது அங்கே சாதாரணச் சாப்பாடாம். இங்கே பிளந்து பார்த்தால் உள்ளே மஞ்சளாக, ஈரமாக, சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. பட்டர் உள்ளே இறங்கவில்லை, மேலால் வழுக்கி ஓடியது.

"வெந்திருக்கு மாமா. ஆனா உதிரேல்லை."

அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "நல்ல கிழங்கடா. கறிக்குப் போட்டால் கரையாது" என்றார்.

அவன் குறை என்று சொன்னதும் அம்மா நல்லது என்று சொன்னதும் ஒரே குணத்தைத்தான். அது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. நாங்கள் கிழங்கை வெட்டிக் குழம்பில் போடுகிறவர்கள். துண்டு துண்டாக நிற்க வேண்டும், கரைந்து கூழாகக் கூடாது. சந்தையில் கிழங்கைப் புகழ்வது என்றால் "கரையாது" என்பதுதான் முதல் சொல். சுடுவதற்கோ கரைகிற கிழங்குதான் வேண்டும். மாச்சத்துக் கூடிய கிழங்கில், வேகும்போது மா ஊதிக் கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வருகின்றன, வாயில் உதிர்கிறது. மாச்சத்துக் குறைந்து ஈரம் கூடிய கிழங்கில் கலங்கள் ஒட்டியே நிற்கின்றன. மரவள்ளியில் 'மாப்பிடிப்பு' என்று நாங்கள் சொல்வோமே, அதே சங்கதிதான். மரவள்ளியில் தேடுகிற குணத்தை உருளைக்கிழங்கில் நாங்கள் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியான கிழங்கை நாங்களே போட்டால் என்ன என்று தொடங்கினேன். வீட்டோடு இரண்டு பரப்புத் தோட்டக்காணி. வெங்காயம், கத்தரி, கொஞ்சம் மரவள்ளி என்று வருடம் ஓடும். செம்பாட்டு மண், சொந்தக் கிணறு. மருமகன் போகும்போது ஒரு பட்டியல் எழுதித் தந்தான்: கிங் எட்வேர்ட், மாரிஸ் பைப்பர், அமெரிக்கக்காரருக்கு ரஸட் பேர்பாங்க். முதலாவது 1902 இலிருந்து இங்கிலாந்தில் இருக்கிற பழைய இனம், இரண்டாவது 1966 இல் வந்தது. மூன்றாவதுதான் சுடுகிற கிழங்குக்கே பேர்போனது. நீளமாக, தடித்த சொரசொரத்த மண்ணிறத் தோலோடு இருக்கும். "அடுத்த முறை சூட்கேசுக்குள்ளை நாலு கிழங்கு கொண்டு வாறன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அனுமதி இல்லாமல் விதைக்கிழங்கு கொண்டுவருவது சட்டத்துக்கு மாறு. அதைவிட, கிழங்கோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் வருகிற நோயும் புழுவும் ஒரு தோட்டத்தோடு நிற்காது. எங்கள் ஊரில் வேலிக்கு வேலி தோட்டம்.

கொண்டுவந்தாலும் சரிவராது என்பது பிறகுதான் விளங்கியது. ரஸட் பேர்பாங்குக்கு முதிர நாலு மாதத்துக்கு மேல் வேண்டும், குளிர்ந்த இரவும் வேண்டும். உருளைக்கிழங்குக்குக் கிழங்கு வைக்க நல்ல வெப்பநிலை 15 முதல் 20 பாகை. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாதத்து இரவுகூடச் சாதாரணமாக 22, 23 பாகையில் நிற்கும். பகலில் இலை சேர்த்த மாவை, இரவு வெக்கையில் செடி தானே மூச்சுவிட்டு எரித்துவிடுகிறது. கார்த்திகையில் நட்டுப் பங்குனி வெயில் ஏறுமுன் கிண்டி எடுக்க வேண்டும். மொத்தமாக மூன்றரை மாதம். அதற்குள் முடிக்கிற இனம்தான் இங்கே கதைக்கு உதவும்.

ஆகவே புத்தகத்தில் இருக்கிற நூறு பெயரையும் விட்டுவிட்டு, இங்கே விதை கிடைக்கிற இனங்களில் எது மாப்பிடிப்பு என்று பார்க்க வேண்டி வந்தது. எனக்குக் கைக்கு வந்தவை இரண்டு. ஒன்று டெசிரே: சிவப்புத் தோல், உள்ளே வெளிறிய மஞ்சள். ஒல்லாந்தில் 1962 இல் வந்தது. மற்றது கிரனோலா: மஞ்சள் தோல், மஞ்சள் சதை, ஜேர்மனியினுடையது. கிரனோலா வேகமாக வரும், விளைச்சலும் கொட்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணை நாற்பது வருடமாகக் கிழங்கு போடுகிறவர். 1967 இல் இறக்குமதியை நிறுத்தியதும் தன் அப்பா வெங்காயத் தறையைக் கிழங்குத் தறையாக மாற்றியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அவரிடம் கேட்டேன், "அண்ணை, இதிலை எது நல்லாக் கரையும்?"

"கரையிற கிழங்கை ஆர் தம்பி வாங்குவான்?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சிவப்பைக் கன நேரம் அவிச்சால் வெடிக்கும்" என்றார். அது போதுமாக இருந்தது.

முதற்போகத்தில் இரண்டிலும் ஐந்தைந்து கிலோ விதை வாங்கினேன். முட்டை அளவு, நாற்பது ஐம்பது கிராம் கிழங்கு. வெயில் படாத வெளிச்சத்தில், தலைவாசலில் கடகத்தில் பரப்பி வைத்தால் கட்டையான, தடித்த முளை வரும். இருட்டறையில் சாக்கோடு வைத்தால் வெள்ளை நூலாக நீண்டு, நடும்போது முறியும். இதை ஒழுங்காகச் செய்தேன். அதோடு நின்றிருக்கலாம். குசினியில் முளைவிட்டுக் கிடந்த கடைக் கிழங்கு ஒரு கிலோவையும் சேர்த்து மூன்றாவது வரியாக நட்டேன். சும்மா போகிற கிழங்குதானே என்ற எண்ணம். நட்ட இடம் முந்தின போகம் கத்தரி நின்ற மூலை.

ஐம்பதாம் நாள் போல அந்த வரியில் ஒரு செடி மத்தியானத்தில் சோர்ந்து நின்றது. இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனால் தொங்குகிறது. தண்ணி காணாது என்று நினைத்து இறைத்தேன். பின்னேரம் எழும்பியது. அடுத்த நாள் எழும்பவில்லை, பக்கத்துச் செடியும் சாய்ந்தது. அண்ணை வந்து அடித்தண்டை வெட்டி, ஒரு கிளாஸ் தண்ணியில் தொங்கவிடச் சொன்னார். சில நிமிடத்தில் வெட்டுவாயில் இருந்து பால் மாதிரி நூல் நூலாகக் கீழே இறங்கியது. பற்றீரியா வாடல். மருந்து கிடையாது. கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம்; ஒன்றில் வந்தால் மற்றதுக்கும் வரும். கிழங்கோடு வந்ததா, கத்தரித் தறையில் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பிழையையும் நான்தான் ஒரே இடத்தில் செய்திருந்தேன். அந்த வரி முழுவதையும் மண்ணோடு தோண்டி, வெளியே கொண்டுபோய் எரித்தேன். வாய்க்கால் அந்தப் பக்கத்தால் ஓடாமல் மறித்தும் விட்டேன். மற்ற வரிகள் தப்பியது என் கெட்டித்தனம் அல்ல, அவை வாய்க்காலுக்கு மேற்பக்கம் இருந்தபடியால்.

எண்பத்தைந்தாம் நாள் அண்ணை தன் தோட்டத்தில் ஆட்களை விட்டுக் கிண்டினார். அதே ஆட்கள் என்னுடையதையும் கிண்டித் தருவதாகச் சொன்னார்கள். டெசிரேயின் இலை அப்போதும் பாதி பச்சை. சரி, போகட்டும் என்று கிண்டிவிட்டேன். இது மூன்றாவது பிழை. சுடுகிற கிழங்கு என்ற கணக்கில் பார்த்தால் இதுதான் பெரிய பிழை.

அவணில் வைக்க முதல், எதில் மா கூட என்று எண்ணால் பார்க்க ஆசை. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மாச்சத்துக் கூடினால் கிழங்கின் தன்னீர்ப்பு, அதாவது அதே அளவு தண்ணியைவிட எத்தனை மடங்கு பாரம் என்ற கணக்கு, கூடும், உப்புத் தண்ணியில் தாழும். குறைந்தால் மிதக்கும். ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணி என்று சொல்வார்கள். நான் கோப்பையால் அளந்து ஆனையிறவுக் கல்லுப்பைப் போட்டேன். கிரனோலா, டெசிரே, சந்தையில் வாங்கியது எல்லாமே போய் அடியில் குந்திக்கொண்டன. ஒரு மணித்தியாலம் குழம்பியபின்தான் விளங்கியது: அந்த அளவு தூள் உப்புக்குச் சொன்னது. கல்லுப்பில் கட்டிக்குக் கட்டி இடைவெளி. ஒரு கோப்பையில் உப்புக் குறைவு, காற்றுக் கூட. நிறுத்துப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. 900 கிராம் தண்ணிக்கு 100 கிராம் உப்பு. அப்போது கரைசல் ஏறத்தாழ 1.07 இல் நிற்கும். இந்த முறை கிரனோலா எல்லாம் மிதந்தது. டெசிரேயில் பாதி மிதந்தது, பாதி தாழ்ந்தது. சிலது நடுவில் நின்று யோசித்தது.

அதோடு ஆசை அடங்கவில்லை. தொங்கு தராசில் வலைப்பையைக் கட்டி, வெளியே 2 கிலோ நிறுத்து, அதையே வாளித் தண்ணிக்குள் முழுக்க அமிழ்த்தி மறுபடி நிறுத்தேன். வெளியில் உள்ள நிறையை, இரண்டு நிறைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் தன்னீர்ப்பு வரும். பையும் கிழங்கும் வாளியின் அடியிலோ கரையிலோ முட்டக் கூடாது. காற்றுக் குமிழியைக் கையால் தட்டிவிட வேண்டும். கிரனோலா தண்ணிக்குள் 116 கிராம் காட்டியது: 2000 ஐ 1884 ஆல் வகுக்க 1.062. டெசிரே 132 கிராம்: 1.071. சுடுவதற்கு 1.08 க்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. அந்த அளவில் கிழங்கில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள், மிச்சம் தண்ணி.

நாக்கும் தராசு சொன்னதையே சொன்னது. கிரனோலா பழைய சவர்க்காரக் கதைதான். டெசிரே கொஞ்சம் உதிர்ந்தது, ஆனால் நடுவில் ஈரம். சந்தையில் வாங்கிய இறக்குமதிக் கிழங்கு ஒன்றையும் கூடவே வைத்தேன். அது வேறு விதமாக ஏமாற்றியது: வெட்டு முகம் கடும் மண்ணிறமாகி, ஒரு இனிப்புச் சுவை. குளிர் அறையில் கன நாள் கிடந்த கிழங்கில் மா சீனியாக மாறும். அதே கிழங்கில் மிச்சத்தைச் சாக்கில் போட்டு வெளியே இரண்டு கிழமை வைத்துப் பிறகு சுட்டேன், இனிப்புக் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் கிழங்கை வைக்காதீர்கள் என்பது இதனால்தான்.

இன்னொரு குறையும் முதற்போகத்தில் வந்தது. டெசிரேயின் தோல் முழுக்கச் சொறி. கறிக்கு என்றால் தோலைச் சீவி எறிவோம், யாரும் கவனிப்பதில்லை. சுடுகிற கிழங்கில் தோல்தான் பாதிச் சுவை. மொறுமொறுப்பாக உப்போடு கடிக்க வேண்டிய இடத்தில் தக்கை மாதிரிப் பொருக்கு. டெசிரேக்குச் சொறி சுலபமாக வரும் என்பது அதன் பிறவிக்குணம். எங்கள் மண்ணின் அடியில் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணி. காரம் கூடிய மண்ணில் சொறிக் கிருமிக்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்கு நான் மக்காத மாட்டெருவை நடுகைக்கு முதல் கிழமைதான் கொட்டியிருந்தேன். கிழங்கு வைக்கத் தொடங்குகிற நாட்களில் மழை விட்டிருந்தது. இறைப்பையும் ஒரு கிழமை தள்ளிப்போட்டிருந்தேன். அந்த நேரத்து வரட்சிதான் சொறிக்கு வாசல்.

இரண்டாம் போகத்துக்கு டெசிரே மட்டும், எட்டுக் கிலோ விதை. வெங்காயம் கிண்டிய தறை, முன்னும் பின்னும் கத்தரிக் குடும்பம் இல்லாத பக்கம். எருவை ஆவணியிலேயே போட்டுக் கொத்திவிட்டேன். பூவரசங்குழையும் அப்போதே தாழ்த்தாயிற்று. கார்த்திகை கடைசியில் பெருமழை விட்டு மண் கால் ஒட்டாமல் வந்தபிறகு நடுகை. வரிக்கு வரி இரண்டடி பழையபடி. வரிக்குள் மட்டும் பத்து அங்குலத்தை பதினாலாக்கினேன். சுடுகிறதுக்கு ஒரு கிழங்கு 200, 250 கிராமாவது வேண்டும். நெருக்கி நட்டால் எண்ணிக்கை வரும், பருமன் வராது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பருத்த கிழங்குகளை வெட்டியபோது சிலதில் நடுவில் நட்சத்திரம் மாதிரிக் கோறை விழுந்திருந்தது. இடமும் தண்ணியும் கூடி, ஒரேயடியாகப் பருத்தால் அப்படி வரும். இனி ஒரு அடியோடு நிற்பேன்.

மூன்றாம் கிழமையில் களை பிடுங்கி மண் அணைத்தேன், ஐந்தாம் கிழமையில் இன்னொரு முறை. கிழங்கு வெளியே தெரிந்து வெயில் பட்டால் பச்சையாகும், கைக்கும், உடம்புக்கும் கூடாது. தோலோடு சாப்பிடப் போகிறோம் என்றால் இதில் சலுகை கிடையாது. முதல் அணைப்பில் இருந்து ஆறு கிழமைக்கு மண் காயவிடாமல் நாலு நாளைக்கு ஒருமுறை இறைப்பு. மார்கழிப் பனிக்கு இலை கருகல் எட்டிப்பார்த்தது, அண்ணையின் தோட்டத்துக்கு அடித்தபோதே எனக்கும் அடித்தோம்.

உரத்தில் இரண்டு மாற்றம். கடைசி யூரியாவை விட்டுவிட்டேன். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூட என்பது எல்லோருக்கும் தெரிந்த கவலை. குடிக்கிற தண்ணிக்கு அது கேடு. தோட்டத்துக்கோ ஒவ்வொரு இறைப்பும் ஒரு சிறு உரம். அதற்கு மேலும் யூரியா போட்டால் செடி தை கடைசியிலும் பச்சைப் பசேல் என்று நிற்கும், முதிராது, கிழங்கில் மா ஏறாது. மற்றது, பொற்றாசியத்தைக் குளோரைட்டாகப் போடாமல் சல்பேற்றாகப் போட்டேன். குளோரைட் கிழங்கில் தண்ணியைக் கூட்டும். விலை கூடத்தான், ஆனால் இந்தத் துண்டுக் காணிக்கு ஒரு சின்னப் பை போதும்.

தொண்ணூறாம் நாள் அண்ணை வேலிக்கு மேலால் பார்த்தார். "இன்னும் கிண்டேல்லையோ? விலை இறங்கப்போகுது."

"விக்கிறதுக்கு இல்லை அண்ணை."

"அப்ப கிழவியாகட்டும்" என்று போய்விட்டார்.

அதைத்தான் செய்தேன். இலை மஞ்சளாகித் தண்டு சரியத் தொடங்கியதும் இறைப்பை நிறுத்தி, தொண்ணூற்றிரண்டாம் நாள் தண்டை அடியோடு அறுத்து, கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டேன். பன்னிரண்டு நாள். பெருவிரலால் தேய்த்தால் தோல் உரியக்கூடாது, அதுதான் அடையாளம். நூற்றிநாலாம் நாள் நானும் தம்பியும் முள்ளால் கிண்டினோம். எட்டுக் கிலோவுக்கு ஐம்பத்தெட்டுக் கிலோ. அண்ணையின் கணக்கில் இது வெட்கக்கேடு. சொறி அங்கொன்றும் இங்கொன்றும் மட்டும். ஒரு கிழமை நிழலில் பரப்பிவிட்டு வாளியையும் தராசையும் எடுத்தேன். 2 கிலோவுக்குத் தண்ணிக்குள் 152 கிராம். 1.082. அதே இனம், அதே காணி. போன போகத்தோடு பார்த்தால் பத்தொன்பது நாளும் போடாமல் விட்ட ஒரு யூரியாவும் சல்பேற்றும் செய்த வேலை. இதில் எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாது, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் அந்தப் பத்தொன்பது நாளில் கட்டுவேன்.

சுடுவதற்கு வீட்டு அவணை விட்டுவிட்டு, சந்தியில் இருக்கிற பேக்கரியின் விறகுப் போறணைக்குப் போனேன். பாண் இறக்கிய பிறகு போறணை வெறுமனே சூடாகக் கிடக்கும். பேக்கரிக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே ஒரு தட்டைத் தந்தார். இருபது கிழங்கு, கழுவித் துடைத்து, குத்தி, நல்லெண்ணெய் பூசி, உப்புத் தூவி. ஈயத்தாளில் சுற்றவில்லை. சுற்றினால் அது சுடுவதல்ல, அவிப்பது. உள்ளே வந்த நீராவி தோலை நனைத்துவிடும். ஒன்றேகால் மணித்தியாலம். இறக்கியவுடனே பிளந்துவிட வேண்டும், வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆவி உள்ளேயே அடங்கி ஈரமாகும். கையால் இரண்டு பக்கமும் அமத்தியபோது நடுவால் வெடித்து, உள்ளே வெள்ளையாக, இடியப்ப மா மாதிரிப் பொலபொலவென்று மேலெழும்பியது. பட்டர் போட்ட இடம் தெரியாமல் இறங்கியது.

மருமகனுக்குக் காணொளியில் காட்டினேன். "ஓமோம், இதுதான் மாமா!" என்றான். அவர்கள் அதற்குள் போடுகிற தகர டப்பா போஞ்சியை நான் போடவில்லை. ஒன்றுக்குக் கட்டைச் சம்பல், ஒன்றுக்கு முதல்நாள் மீன்குழம்பு. கடைசியில் என் தம்பியின் பெண்சாதி செய்ததுதான் எல்லாவற்றையும் வென்றது: பிளந்த கிழங்கின் மேல் சுடச்சுட ஒரு அகப்பை பால்சொதி, அதற்கு மேல் பொரித்த செத்தல் மிளகாய். உதிர்ந்த மா சொதியைக் குடித்துவிடுகிறது.

விதைக்கு எடுத்து வைப்பதுதான் முடியாத காரியம். மாசி, பங்குனியில் கிண்டியது கார்த்திகை வரைக்கும் எங்கள் வெக்கையில் நில்லாது. ஆனியிலேயே முளைத்துச் சுருங்கிவிடும். ஒவ்வொரு வருடமும் புது விதைதான், எந்த இனம் வருகிறதோ அதுதான். இந்த வருடம் வேறு சிவப்புத் தோல் இனமும் வரலாம் என்று கதை. வந்தால் இரண்டு கிலோ வாங்குவேன். தோல் சிவப்பு என்பதற்காக நம்பமாட்டேன். முதல் நூறாம் நாள் வரை விட்டுப் பிறகு வாளிக்குள் போட்டுப் பார்ப்பேன்.

அம்மாவுக்கும் சுட்ட கிழங்கு பிடித்தது, தோலைக்கூட விடவில்லை. அடுத்த நாள் மிஞ்சின டெசிரேயைப் போட்டுப் பிரட்டல் கறி வைத்தார். சட்டியைத் திறந்து பார்த்தால் துண்டு ஒன்றும் இல்லை, எல்லாம் குழம்போடு குழம்பு.

"வாற முறை எனக்கெண்டு ஒரு வரி அந்த மஞ்சள்தோல் உருளைக்கிழங்கும் போட்டு விடு" என்றார்.